தம்பிக்கு இதயத்தில் கட்டி, மூளையில் அடைப்பு: வீட்டில் மற்றவர்களும் பார்க்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர்: திருவட்டார் அக்கா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கப் போனால் எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் தம்பிக்கு 31 வயது. ரப்பர் பால்வெட்டு வேலை. விடியற்காலை 4 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவான். 300 மரம் வெட்டிவிட்டு வந்துதான் கட்டன் சாயா குடிப்பான். போன மார்கழியில் ஒரு நாள் 6 மணி இருக்கும், கூட வெட்டுகிற பையன் வீட்டுக்கு ஓடி வந்தான். நான் போய்ப் பார்க்கும்போது தம்பி மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கத்தி கீழே கிடந்தது. வலது கை துவண்டு மடியில் கிடந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்து 'அக்கா' என்று சொல்ல வந்தவன் 'அத்தா, அத்தா' என்றான். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் கொண்டுபோனோம். வெறும் வயிற்றில் வேலை பார்த்ததால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று மணி நேரம் அங்கேயே போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வராது. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு. இந்த வயதில் ஏன் வந்தது என்று தேடிப்போய் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தபோது, இதயத்தின் இடது மேலறையில் 5 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. 'மிக்சோமா' என்றார்கள். புற்றுநோய் இல்லை, சாதுவான கட்டிதான், ஆனால் அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து ரத்தத்தோடு மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது என்று விளக்கினார்கள்.

திருவனந்தபுரம் கொண்டுபோய் ஒன்பதாம் நாள் ஆபரேஷன் நடந்தது. எடுத்ததை டாக்டர் போனில் படமாகக் காட்டினார். முற்றாத நுங்கைத் தோண்டி எடுத்து வைத்த மாதிரி கொழகொழவென்று இருந்தது. தொட்டால் உதிரும் என்றார். அது இவன் நெஞ்சுக்குள் நிமிஷத்துக்கு எழுபது எண்பது தடவை ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு முன் ஆறு மாதமாகவே அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பு மெலிவு. டைபாய்டு என்று மருந்து சாப்பிட்டான். உடம்பில் அழற்சி இருந்தால் கூடுகிற ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை 80க்கு மேல் இருந்தது. யாருக்கும் நெஞ்சைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

என் கேள்வி இனிமேல்தான். டிஸ்சார்ஜ் ஆகும் முன் பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி டார்ச் அடித்துத் தம்பியின் உதட்டை, கண்ணின் உள்மூலையை, இமையை எல்லாம் பார்த்தாள். எள்ளைத் தெளித்த மாதிரி கரும்புள்ளிகள் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. 'வீட்டில் வேறு யாருக்கு இப்படி இருக்கிறது?' என்று கேட்டாள். எங்கள் அப்பாவுக்கு உண்டு. தங்கைக்கு உண்டு. உதட்டில் மச்சம் இருந்தால் அதிர்ஷ்டம் என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'கார்னி காம்ப்ளெக்ஸ்' என்ற பரம்பரை நோயாக இருக்கலாம், குடும்பத்தில் எல்லோரும் எக்கோ பாருங்கள் என்று அந்த டாக்டர் பெண் எழுதிக் கொடுத்தாள்.

அப்பா இறந்தார், 43 வயதில். காலையில் எழுந்து பல் தேய்க்கப் போனவர் கிணற்றடியிலேயே விழுந்துவிட்டார். நெஞ்சடைப்பு என்றார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஒரு வாரம் அவருக்கு இடது கை வழங்காமல் இருந்தது. வர்ம ஆசான் எண்ணெய் போட்டுத் தடவினார், சரியாகிவிட்டது. கடைசிக் காலத்துப் போட்டோவில் அவர் முகம் பூசினாற்போல் வட்டமாக இருக்கும். அந்தப் போட்டோவை இப்போது எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தங்கைக்கு 24 வயது. ஆவணியில் கல்யாணம். அம்மா சொல்கிறாள்: 'அப்பாவும் நானும் சொந்தத்தில் கட்டவில்லை, பரம்பரை நோய் எப்படி வரும்? இப்போது பிள்ளையைக் கொண்டுபோய் நெஞ்சை ஸ்கேன் பண்ணினால் ஊரெல்லாம் பேச்சாகும். கல்யாணம் முடியட்டும்.' தங்கைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தம்பிக்கு 4 வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

ஒன்று, தங்கையை இப்போதே பார்க்க வேண்டுமா? இரண்டு, தம்பிக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது, இனி பயமில்லையா? இரண்டு வாரமாகத் தலைவலி என்கிறான், அவன் சொல்கிற அளவில். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பதில்: மார்த்தாண்டம் தேனீக்காரன்

தங்கச்சி, முதலில் தலைவலிக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், இதயத்தை அல்ல, தலையை. மூளை ரத்தக்குழாயைக் காட்டுகிற எம்ஆர் ஆஞ்சியோ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வந்தால் நாளை வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே புறப்பட வேண்டும்.

எனக்கு 47 வயது. ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைக்கிற தொழில். எனக்கும் அதே கார்னிதான். 2008இல் முதல் கட்டி. பெட்டி தூக்கினால் மூச்சு வாங்கும், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு முட்டும். இடது மேலறையிலிருந்து எடுத்தார்கள். தையல் ஆறியதும் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் ஒழுங்காக எக்கோ எடுத்தேன். எல்லாம் சுத்தம். நாலாவது வருஷம் தேன் சீசன், போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. இங்கே ரப்பர் தளிர் விடும் மாசி பங்குனியில்தான் எங்களுக்குத் தேன், அந்த நேரத்தில் ஒரு நாள் கூட விட மனம் வராது. என் தப்புதான், யாரையும் சொல்வதற்கில்லை.

2015 பங்குனியில் பெட்டியைத் திறந்து வைத்து ஒரு பையனுக்கு ராணி ஈயைக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரிகிறது, விரலும் நீட்டுகிறேன், பெயர் வாயில் வரவில்லை. 'இது... இது...' என்று நின்றேன். ஸ்ட்ரோக். இந்த முறை கட்டி வேறு இடத்தில், இடது கீழறையில். பழைய கட்டியின் வேர் முளைத்ததில்லை, இது புதிது என்றார்கள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். சாதாரணமாக ஒருவருக்குத் தனியாக வருகிற மிக்சோமா பெரும்பாலும் இடது மேலறையில்தான் இருக்கும், இரண்டு மேலறைக்கும் நடுவிலுள்ள சுவரில் காம்பு போட்டுத் தொங்கும். எடுத்துவிட்டால் திரும்ப வருவது அபூர்வம். பத்தில் ஒன்பது பேருக்கு அந்த வகைதான். கார்னி குடும்பத்தில் வருவது அப்படி இல்லை. சின்ன வயதிலேயே வரும், நாலு அறையில் எதில் வேண்டுமானாலும் வரும், ஒன்றுக்கு மேலும் வரும், எடுத்த பிறகும் வரும். அதனால் உங்கள் தம்பிக்கு ஆபரேஷன் முடிந்தது, நோய் முடியவில்லை. ஒரு தடவை கட்டி வந்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு எக்கோ, வாழ்நாள் முழுக்க. வீட்டில் மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்று. எனக்கு டாக்டர் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்.

தலைவலி விஷயத்துக்கு வருகிறேன். 2017இல், அதாவது இரண்டாவது ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, நெஞ்சில் ஒன்றும் இல்லாத நேரத்தில் எனக்கு வலிப்பு வந்தது. எம்ஆர்ஐயில் மூளையின் நுனிக் குழாய்களில் மூன்று இடத்தில் சின்னச் சின்ன வீக்கம். கட்டியிலிருந்து உடைந்து போகிற துணுக்கு ரத்த உறைவு மாதிரி அடைத்துவிட்டுக் கரைந்து போவதில்லை. அது உயிருள்ள செல். குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு உள்ளே புகுந்து வளர்ந்து சுவரை நைந்து போகச் செய்கிறது. அங்கே குழாய் உப்புகிறது, அதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். இதயக் கட்டியை எடுத்து மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். சிலருக்கு அது அப்படியே நிற்கும், சிலருக்குத் தானாகச் சுருங்கும், சிலருக்கு வெடித்து ரத்தம் கசியும். எனக்கு மூன்றும் அப்படியே நிற்கின்றன. வலிப்புக்கு லெவெடிரசிட்டாம் மாத்திரை சாப்பிடுகிறேன், வருஷம் ஒரு முறை படம் எடுக்கிறேன். இன்னொன்று: ரத்தம் இளக்குகிற மாத்திரை எதையும் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். குழாயில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு டாக்டர் முடிவு செய்ய வேண்டிய காரியம் அது.

உங்கள் அப்பாவின் கை ஒரு வாரம் வழங்காமல் இருந்து சரியானது என்று படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. அது அப்போதே வந்த எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் நம் ஊரில் யார் அதற்கு எக்கோ எடுத்திருப்பார்கள்? ஆசானையும் குறை சொல்ல மாட்டேன், உங்கள் அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். முகம் வட்டமானது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும், அப்போது முகம் அப்படி ஆகும். அதனால் தம்பிக்கு இதயத்தோடு ஹார்மோன் டாக்டரையும் பாருங்கள். தைராய்டு, பிட்யூட்டரி, ஆண்களுக்கு விதைப்பை, முதுகுத்தண்டு நரம்பில் வருகிற ஒரு வகைக் கட்டி, இதெல்லாமும் இதன் கூடவே வரக்கூடியவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். முதலில் நெஞ்சும் மூளையும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சொந்தத்தில் கட்டினால் வருகிற நோய்கள் வேறு, அவற்றில் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டும். இது ஒருவரிடம் இருந்தாலே போதும். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன் மகள் வித்தியாசம் கிடையாது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கார்னி என்ற டாக்டர் 1985இல் புள்ளி, இதயக் கட்டி, ஹார்மோன் கோளாறு மூன்றையும் சேர்த்துப் பார்த்து இது ஒரே நோய் என்று எழுதினார். 2000இல் 17ஆவது குரோமோசோமில் பி.ஆர்.கே.ஏ.ஆர்.1ஏ என்ற ஜீனைக் கண்டுபிடித்தார்கள். செல் வளர்ச்சிக்குப் பிரேக் மாதிரி வேலை செய்கிற ஜீன். தம்பியின் ரத்தத்தில் முதலில் அதைப் பாருங்கள். அவனிடம் மாற்றம் அகப்பட்டால் தங்கைக்கும் மகனுக்கும் அந்த ஒரு மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இல்லாதவர்கள் நிம்மதியாக இருக்கலாம், வருஷா வருஷம் எக்கோவும் தேவையில்லை. எல்லாக் குடும்பத்திலும் அந்த ஜீனில் மாற்றம் அகப்படாது, அப்போது புள்ளியும் எக்கோவும்தான் வழி. நாங்கள் வேலூரில் கொடுத்தோம். என் மகளுக்கு 13 வயது, அவளுக்கு மாற்றம் இருக்கிறது, இதுவரை எக்கோ சுத்தம்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே பாருங்கள் தங்கச்சி. இதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. தொந்தரவு இல்லாமல் கட்டி இருக்கும், என் இரண்டாவது கட்டி ஒரு இருமல் கூடக் காட்டவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இதயத்துக்கு வேலை கூடும், அந்த நேரத்தில் தெரிய வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் கஷ்டம். என் தங்கைக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டில் நேராகச் சொன்னோம். ஒரு வீட்டார் எழுந்து போனார்கள். அடுத்த வீட்டார் 'வருஷம் ஒரு ஸ்கேன்தானே' என்றார்கள். அவர்கள் வீட்டில்தான் இப்போது இருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். தம்பி, தங்கை, மகன், அப்பா எல்லோரைப் பற்றியும் எழுதினீர்கள். நீங்களும் அதே அப்பாவுக்குப் பிறந்தவர்தானே? உங்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. புள்ளி இல்லாவிட்டாலும் நீங்களும் பார்க்க வேண்டும். குழந்தை இருந்தால் அவர்களுக்கும்.


பதில்: எக்கோ டெக்னீஷியன், நாகர்கோவில்

அக்கா, தேனீக்கார அண்ணன் சொன்னதற்கு மேல் நோயைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பரிசோதனை அறையில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சிலது சொல்கிறேன்.

சீட்டில் வெறும் 'எக்கோ' என்று மட்டும் எழுதி வந்தால் பெரும்பாலும் இதயம் எப்படிச் சுருங்குகிறது, வால்வு எப்படி இருக்கிறது என்ற பக்கமே கவனம் போகும். கூட்டமான நாளில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் டாக்டரிடம் 'குடும்பத்தில் மிக்சோமா, கார்னி சந்தேகம், நாலு அறையும் பார்க்கவும்' என்று எழுதி வாங்குங்கள். உள்ளே வந்ததும் வாயாலும் சொல்லுங்கள். வெட்கமே வேண்டாம். அப்படிச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் வலது மேலறையின் மூலை, கீழறைகளின் நுனி என்று தேடிப் பார்ப்பேன். சின்னதாக இருக்கும்போது தேடினால்தான் அகப்படும். மார்பு வழியாகச் சரியாகத் தெரியவில்லை என்றால் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எக்கோ இருக்கிறது. தங்கையிடம் சொல்லுங்கள்: ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, இடது பக்கம் திரும்பிப் படுத்தால் ஜெல் தடவிப் பார்ப்போம், எங்கள் ஆஸ்பத்திரி மாதிரிப் பெண்கள் இருக்கும் இடமாகக் கேட்டுப் போகலாம்.

ஒவ்வொரு முறையும் படங்களை சிடியிலோ பென் டிரைவிலோ வாங்கி வையுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அடுத்த வருஷம் ஒரு சந்தேகம் வந்தால் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் வளர்ந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியும்.

நான் முதன்முதலில் பார்த்த மிக்சோமா இன்னும் கண்ணில் நிற்கிறது. கோயில் மணிக்குள் நாக்கு ஆடுகிற மாதிரி இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் வாசலில் உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போய்... கை நடுங்கிவிட்டது எனக்கு. ஸ்டெதஸ்கோப்பில் அது விழுகிற சத்தமே கேட்கும் என்று பழைய டாக்டர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் இதைப் பெரும்பாலும் இறந்த பிறகுதான் கண்டார்கள். இந்த எக்கோ என்பதே 1953இல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேர் தொடங்கியது. மறு வருஷம் அதே நாட்டில் க்ராஃபோர்ட் என்ற சர்ஜன் முதன்முதலாக மிக்சோமாவை வெற்றிகரமாக வெட்டி எடுத்தார். என் அறையில் அந்தப் பெயர்களை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா காலத்தில் அது நம் கைக்கு எட்டவில்லை, இப்போது நாகர்கோவிலிலேயே இருக்கிறது அக்கா. தயவுசெய்து வாருங்கள்.


பதில்: குளச்சல் அம்மா

இதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் மகனுக்கும் இதயக் கட்டிதான், மூளைப் பிரச்சினையும் உண்டு, ஆனால் வேறு நோய். யாராவது கூகிளில் தேடி இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ஏழாம் மாத ஸ்கேனிலேயே பிள்ளையின் இதயத்தில் மூன்று கட்டி தெரிந்தது. 'ராப்டோமயோமா' என்றார்கள். என் வீட்டுக்காரர் அப்போது கடலில் இருந்தார், தங்கு தொழில், பத்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். தனியாக நின்று கேட்டேன். ஆபரேஷன் வேண்டும் என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். வேண்டாம், பிறந்த பிறகு இது தானாகவே சுருங்கும், தலையைத்தான் கவனிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அன்று அது புரியவில்லை.

பிறந்து ஐந்தாம் மாதம் புரிந்தது. தூங்கி எழும்போது தலையைச் சட்டென்று குனிந்து இரண்டு கையையும் விரிப்பான். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும். வரிசையாக இருபது தடவை. வயிற்று வலி என்று மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அந்த வீடியோவைப் பார்த்த உடனேயே அவர் அட்மிட் போட்டார். கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒரு வகை வலிப்பு. மூளையின் மின்னலையைப் பார்க்கிற இஇஜி எடுத்து, விகாபட்ரின் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் நின்றது. அந்த மருந்து கண் பார்வையின் ஓரத்தைக் குறைக்கக் கூடும் என்பதால் கண்ணையும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நோயின் பெயர் டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ். இங்கே புள்ளி கறுப்பு இல்லை, வெள்ளை. இலை வடிவத்தில் தோலில் வெளிறிய தேமல் மாதிரி இருக்கும், தனி விளக்கில் பளிச்சென்று தெரியும். இதிலும் பழுது ஒரு ஜீனில்தான், ஆனால் எங்கள் இருவருக்கும் பார்த்தார்கள், இல்லை. இந்த நோயில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு அது புதிதாகத்தான் வருகிறதாம். இவனுடைய கட்டி உடைந்து மூளைக்குப் போகவில்லை, மூளையில் தனியாகவே தடிப்புகள் இருக்கின்றன. அக்கா, உங்கள் தம்பிக்குக் கட்டியை எடுக்காமல் இருந்திருந்தால் ஆபத்து. என் பிள்ளைக்கு எடுத்திருந்தால்தான் ஆபத்தாகியிருக்கும். 3 வயதில் எக்கோவில் இரண்டு கட்டி காணவே இல்லை. இப்போது 6 வயது. சின்னச் சின்ன வாக்கியம் பேசுவான். கடப்புறத்தில் அப்பாவின் வள்ளம் தூரத்தில் வந்தாலே கண்டுபிடித்துவிடுவான்.

உங்கள் தம்பிக்காக ஜெபிக்கிறேன்.


கேள்வி கேட்டவர்: திருவட்டார் அக்கா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணன் எழுதியதைப் படித்த மறுநாளே தம்பியைக் கொண்டுபோனோம். எம்ஆர் ஆஞ்சியோவில் இடது பக்கம் நுனிக் குழாயில் இரண்டு சின்ன வீக்கம் இருக்கிறது. பெரியது 4 மில்லிமீட்டர். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்று மாதத்தில் மறுபடி எடுத்து வளர்கிறதா என்று பார்க்கலாம் என்றார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரையை டாக்டர் நிறுத்தியிருக்கிறார். தலைவலி குறைந்திருக்கிறது. அவன் எக்கோ சுத்தம். ரத்தத்தை ஜீன் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை.

தங்கையிடம் நான் ஒன்றும் மறைக்காமல் இந்தப் பக்கத்தைப் போனில் காட்டிப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அன்று இரவு அவளே மாப்பிள்ளைக்குப் போன் செய்து பேசியிருக்கிறாள். எனக்குக் காலையில்தான் சொன்னாள். எக்கோ பார்க்கிற நாளில் அவர் பைக்கில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கைக்குச் சுத்தம். எனக்கும் சுத்தம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் தம்பி மகனுக்கும் சுத்தம். தம்பி மகனுக்கு மட்டும் கீழ் உதட்டில் இரண்டு புள்ளி வரத் தொடங்கியிருக்கிறது, அதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. அவனுக்கு வருஷா வருஷம் ஆடி மாதம் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். எல்லோருடைய படத்தையும் தனித்தனி பென் டிரைவில் வாங்கிவிட்டேன்.

எல்லோரும் பார்த்து முடித்து வெளியே வந்ததும் அம்மா 'எனக்கும் பாருங்கள்' என்று கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாள். 'உங்களுக்குத் தேவையில்லை அம்மா, இது அப்பா வழி' என்று எக்கோ எடுத்த பெண் சொன்னாள். அம்மா எழும்பவில்லை. 'அவருக்குத்தான் பார்க்கவில்லையே' என்றாள். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஜெல்லை எடுத்து அம்மாவுக்கும் பார்த்தாள். ரசீது போடவில்லை.

அண்ணா, இன்னும் ஒன்றே ஒன்று. தம்பிக்குப் பேச்சு எப்போது வரும்? நான் சொல்வதெல்லாம் புரிகிறது. 'மரம்', 'கத்தி', 'போ', 'வா' வருகிறது. என் பெயரும் அவன் மகன் பெயரும் வரவில்லை. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். உங்களுக்கு எத்தனை நாளாயிற்று?


பதில்: மார்த்தாண்டம் தேனீக்காரன்

தங்கச்சி, தங்கையும் நீங்களும் பிள்ளைகளும் சுத்தம் என்று படித்ததும் என் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஆளுக்கு ஆள் வேறுபடும், முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம் திரும்பும் என்று எனக்குச் சொன்னார்கள், அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருந்தது. பெயர்கள்தான் கடைசியில் வரும். பயிற்சி கொடுத்தவர் படம் போட்ட அட்டையைக் காட்டி ஆப்பிள், ரயில் என்று சொல்லச் சொல்வார், எனக்கு நாக்கு எழும்பாது. என் மனைவி தேன்பெட்டியைத் திண்ணையில் கொண்டு வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். சட்டம், அடை, புகை போடுகிற டப்பா. கை அந்தச் சாமானைத் தொட்டதும் வாய் தானாகச் சொல்லிற்று. பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னபோது அவரும் அதையே செய்யச் சொன்னார்.

நீங்களும் தம்பியைச் சாயங்காலம் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், வேலைக்கு அல்ல. சிரட்டை, ஒட்டுப்பால், வாளி என்று ஒவ்வொன்றையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், அவன் தேடும்போது நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மகனையும் கூடவே கூட்டிப் போங்கள்.